மோர்ஸ் வேணுமா வேண்டாமா: முதலில் கேட்டுப் பழகுங்கள், சண்டை அப்புறம்

வேலூர்ப் பக்கம் ஹாம் ரேடியோவுக்கு (லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் தொடர்புகொள்வது) வருகிற பசங்க, புள்ளி, கோடு ஒலிகளாக எழுத்தை அனுப்பும் மோர்ஸைப் பற்றிக் கேட்கிற கேள்வி, "அண்ணே, தந்தியையே 2013-ல மூடிட்டாங்க, இது இன்னும் எதுக்கு?" கேள்வி நியாயம்தான். ஷார்ட்வேவுக்கு மோர்ஸ் கட்டாயம் என்ற சர்வதேச விதி 2003-லேயே போய்விட்டது, அமெரிக்காவும் 2007-ல் தேர்விலிருந்து அதை நீக்கிவிட்டது. நம் நாட்டில் ரெஸ்ட்ரிக்டட் கிரேடு லைசென்ஸுக்கு மோர்ஸ் கிடையாது, ஜெனரல் கிரேடுக்குத்தான் நிமிடத்துக்கு 8 வார்த்தை என்று வைத்து வந்தார்கள் (விண்ணப்பம் போடும்போது இருக்கிற விதியை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்).

பரீட்சைக்காக யாரையும் வதைக்க வேண்டாம், அது என் கட்சி. ஆனால் வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு சின்ன மொட்டைமாடி, அக்கம்பக்கத்து எல்இடி பல்பும் இன்வெர்ட்டரும் கிளப்புகிற இரைச்சல், கையில் 5 வாட் செட், இவ்வளவுதான் என்றால் பேச்சு எடுபடாத இடத்திலும் சிடபிள்யூ (ரேடியோவில் மோர்ஸ் அனுப்பும் முறை) எடுபடும். பேச்சுக்கு 2,500 ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும், இதற்கு 150 போதும், ஃபில்டரைக் குறுக்கினால் இரைச்சலில் பெரும்பகுதி வெளியே நின்றுவிடும். எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறை இதையும் மிஞ்சும், மறுக்கவில்லை. அதற்குக் கம்ப்யூட்டர் வேண்டும், கடிகாரம் சரியாக ஓட வேண்டும், 15 நொடிக்கு ஒரு முறை கால்சைனும் (அவரவர் நிலையத்தின் அடையாளக் குறி) சிக்னல் அளவும் மாற்றிக்கொள்வதோடு சரி, "அங்கே மழையா?" என்று கதை பேசுவதெல்லாம் நடக்காது.

சரி, பழகுவது எப்படி? சார்ட்டைத் தூக்கிப் போடுங்கள். புள்ளி, கோடு என்று கண்ணால் மனப்பாடம் செய்தவர்கள் வேகம் கூடியதும் எண்ண முடியாமல் திணறுவார்கள். நம் பக்கம் பம்பை அடித்தால் யாரும் அடியை எண்ணுவதில்லை, போக்கிலேயே இன்ன அடி என்று தெரிந்துவிடும். 'சி' என்ற எழுத்தும் 'டா-டி-டா-டிட்' என்று ஒரே மூச்சில் காதில் விழ வேண்டும். இரண்டு எழுத்தில் தொடங்கி, முழு வேகத்திலேயே கேட்டு, ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகும் கோக் முறை இதற்குத்தான். எல்சிடபிள்யூஓ என்ற இலவசத் தளத்தில் 'கே', 'எம்' இரண்டோடு ஆரம்பியுங்கள். எழுத்தின் வேகத்தை நிமிடத்துக்கு 20 வார்த்தையிலேயே வையுங்கள், எழுத்துகளுக்கு நடுவிலான இடைவெளியை மட்டும் இழுத்துவிடுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக வந்தால் அடுத்த எழுத்து. தினம் கால் மணி நேரம் போதும், ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக மூன்று மணி நேரம் உட்காருவது வீண். தவறவிட்ட எழுத்தை யோசிக்காமல் தாளில் அதன் இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள், யோசித்தால் பின்னால் வரும் மூன்றும் போய்விடும். தேர்வின் வேகம் இதைவிடக் குறைவு என்பதால், தேர்வு எழுதுபவர்கள் கடைசியில் எழுத்தையே மெதுவாக்கியும் கேட்டுப் பாருங்கள்.

மோர்ஸ் தட்டி அனுப்பும் கீயைத் தொடுவது எல்லா எழுத்தும் காதுக்கு வந்த பிறகு. கை மேசையில் படியட்டும், மணிக்கட்டு அசையட்டும், விரலால் தட்டினால் சீக்கிரம் கை வலிக்கும்.

ஆன்டெனாவுக்கு 7 மெகாஹெர்ட்ஸ் டைபோல் (நடுவிலிருந்து இரண்டு பக்கமும் விரியும் கம்பி), பக்கத்துக்குப் பத்து மீட்டர், நடுவில் ஒரு மூங்கில். பகலில் சென்னை, பெங்களூரு கிடைக்கும், இருட்டியதும் தூரம் கூடும். லைசென்ஸ் வந்ததும் 7.030 பக்கம் போய் முதலில் கொஞ்ச நேரம் கேளுங்கள், காலியா என்று 'கியூஆர்எல்' அடித்துக் கேட்டுவிட்டு 'சிக்யூ' (யாராவது இருக்கிறீர்களா என்ற பொது அழைப்பு) போடுங்கள். உங்களால் எடுக்க முடிகிற வேகத்திலேயே அனுப்புங்கள். எதிரில் இருப்பவர் பறந்தால் 'கியூஆர்எஸ்' (மெதுவாக அனுப்புங்கள்) என்று ஒரு தடவை அடித்தால் போதும், பழைய ஆட்கள் தயங்காமல் வேகத்தைக் குறைப்பார்கள்.