பழைய விண்கலப் போர் விளையாட்டுகள்: புதிய கணினியில் நாம் செய்யும் தவறுகள்

போன சித்திரையில் பள்ளத்தூர் ஆயா வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது மேல்வீட்டு மரப்பெட்டகத்தைக் காலி செய்ய வேண்டியிருந்தது. பித்தளைச் சாமான்களுக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி. சிங்கப்பூரில் இருந்த என் அம்மான் தொண்ணூறுகளில் ஊருக்கு வரும்போதெல்லாம் வாங்கி வந்த விளையாட்டு சிடிக்கள், தடித்த கையேடுகள், 15 பின் கொண்ட ஒரு ஜாய்ஸ்டிக். எட்டாவது படிக்கும் அக்கா மகன் கேட்டான்: "அம்மான், இதெல்லாம் இப்ப ஓடுமா?"

ஓடும் என்றேன். அன்று சாயங்காலமே அவன் லேப்டாப்பில், டாஸ் என்ற பழைய இயங்குதளத்து விளையாட்டுகளைப் புதிய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் நிரலைப் போட்டு, விங் கமாண்டர் என்ற விண்கலப் போர் விளையாட்டை ஓட்டிக் காட்டினேன். எதிரிக் கப்பல் திரையில் புள்ளியாகத் தெரிந்தது. அடுத்த நொடி எங்களைத் தாண்டிப் போயிருந்தது. அதற்கடுத்த நொடி எங்கள் கப்பல் வெடித்தது. மூன்று தடவையும் இப்படியே. "இதையா நீங்க ராத்திரி முழுக்க விளையாடினீங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். எனக்கு அது பெரிய வருத்தம். விளையாட்டில் குறை இல்லை, அதை நான் வைத்த இடம் தவறு. அதன் பிறகு இரண்டு வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். இவற்றுக்குத் திரும்பி வருகிற எல்லோரும் ஏறக்குறைய இதே இடங்களில்தான் இடறுகிறார்கள்.

முதல் தவறு வேகத்தைப் பற்றியது, மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியதும் அதுதான். புதிய கணினிக்குத்தான் சக்தி இருக்கிறதே, முழுவதையும் கொடுத்துவிடுவோம் என்று டாஸ்பாக்ஸில் சைக்கிள்ஸ் என்ற இடத்தில் மேக்ஸ் என்று போட்டுவிடுகிறோம். நானும் அதைத்தான் செய்திருந்தேன். விங் கமாண்டர் 1990-ல் ஆரிஜின் சிஸ்டம்ஸ் வெளியிட்டது. 386 என்ற பழைய செயலியின் காலத்து விளையாட்டு. கணினி எவ்வளவு வேகமாகக் கணக்குப் போடுகிறதோ அவ்வளவு வேகமாகக் கப்பல்களும் பறக்கும். இடையில் நிறுத்திப் பிடிக்கும் கடிவாளம் அதில் கிடையாது. அடுத்த செயலியான 486 வந்தபோதே அது தலைதெறிக்க ஓடியது. அன்றைக்குப் பெட்டியின் முகப்பிலிருந்த டர்போ பொத்தானை அழுத்தி வேகத்தைக் குறைத்துக்கொண்டு விளையாடினார்கள்.

இன்று அந்தப் பொத்தானின் வேலையை டாஸ்பாக்ஸின் சைக்கிள்ஸ் எண் செய்கிறது. 3000-ல் ஆரம்பியுங்கள். விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோல் + எஃப்12 அழுத்தினால் ஏறும், கன்ட்ரோல் + எஃப்11 அழுத்தினால் இறங்கும். நாலைந்து கப்பல்கள் ஒன்றாகத் திரையில் இருக்கும்போது படம் திக்காமல், அதேசமயம் எதிரியைக் கண்ணால் தொடர முடிகிற இடம் ஒன்று வரும். அங்கே நிறுத்தி அந்த எண்ணை அமைப்புக் கோப்பில் எழுதிவைத்துவிடுங்கள்.

ஒரு விளையாட்டுக்குக் கண்டுபிடித்த எண்ணை எல்லாவற்றுக்கும் போடுவதும் தவறுதான். டை ஃபைட்டர் 1994-ல் வந்தது. அதன் பிறகு வந்த குறுந்தகடு வடிவம் 640×480 அளவில் ஓடும். அதற்கு, 486-க்கும் அடுத்து வந்த பென்டியம் செயலி அளவு வேகம் வேண்டும். அங்கே 3000 வைத்தால் சிலைடு போட்டுக் காட்டுவதுபோல் நகரும். விளையாட்டுக்கு ஒன்றாகத் தனித்தனி அமைப்புக் கோப்பு வைத்துக்கொள்வதுதான் சரி.

அடுத்தது ஜாய்ஸ்டிக். இதில் நான் இழந்த நாட்கள்தான் அதிகம். அம்மான் வாங்கி வந்த பழைய ஜாய்ஸ்டிக் கேம் போர்ட் என்ற பழைய செருகுவாயில் செருகுவது. விஸ்டாவிலிருந்தே விண்டோஸ் கேம் போர்ட்டைக் கைவிட்டுவிட்டது. யுஎஸ்பிக்கு மாற்றும் அடாப்டர் கிடைக்கிறது, ஆனால் முப்பது வருஷம் பெட்டகத்தில் கிடந்த குச்சிக்குள் இருக்கும் மின்தடைச் சுழலிகள் தேய்ந்து தூசி படிந்திருக்கும். கை வைக்காமலே கப்பல் நடுங்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பார்க்கலாம். ஞாபகத்துக்காக வைத்திருக்க ஆசைப்பட்டால் அது வேறு. விளையாடவேண்டும் என்றால் சாதாரண யுஎஸ்பி ஜாய்ஸ்டிக் ஒன்று போதும்.

பெரும்பாலோருக்குத் தெரியாத ஒரு சங்கதி இங்கே இருக்கிறது. குச்சி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை அந்தக் காலத்துக் கணினி நேராகப் படிக்கவில்லை. போர்ட்டுக்கு ஒரு தட்டு தட்டிவிட்டு, பதில் வர எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணிக்கொண்டிருக்கும். அந்த எண்ணிக்கைதான் குச்சியின் நிலை. அப்படியானால் கணினியின் வேகம் மாறினால் எண்ணிக்கையும் மாறிவிடுமல்லவா? ஆகவே முதலில் ஜாய்ஸ்டிக்கை காலிபரேட் செய்துவிட்டு (அதாவது குச்சியின் நடுவையும் எல்லைகளையும் விளையாட்டுக்குக் காட்டிவிட்டு) அப்புறம் சைக்கிள்ஸ் எண்ணை மாற்றினால், கப்பல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகும். நாம் ஜாய்ஸ்டிக் கெட்டுவிட்டது என்று நினைப்போம். வேகத்தை முடிவு செய்த பிறகுதான் காலிபரேட் செய்யவேண்டும், இந்த வரிசை மாறக்கூடாது. அப்போதும் இழுத்தால் டாஸ்பாக்ஸ் அமைப்பில் ஜாய்ஸ்டிக் பகுதியில் டைம்ட் என்று இருப்பதை ஃபால்ஸ் ஆக்கிப் பாருங்கள். எனக்கு அதில்தான் சரியானது.

இன்றைய ஜாய்ஸ்டிக்கில் பத்துப் பன்னிரண்டு பொத்தான்கள் இருக்கும். டாஸ் விளையாட்டு பல சமயம் இரண்டைத்தான் பார்க்கும். மீதியை வீணாக விட்டுவிட்டு விசைப்பலகைக்கும் குச்சிக்கும் கை அலைய விளையாடுவது தேவையில்லாத சிரமம். கன்ட்ரோல் + எஃப்1 அழுத்தினால் மேப்பர் திறக்கும். எந்தப் பொத்தானுக்கும் எந்த விசையையும் கொடுக்கலாம். குறி மாற்றுவது, வேகம் ஏற்றுவது, இறக்குவது இந்த மூன்றையும் கட்டைவிரலுக்குக் கொண்டுவந்தாலே சண்டை வேறு மாதிரி ஆகிவிடும். கேம்பேடும் ஜாய்ஸ்டிக்கும் ஒரே சமயம் செருகியிருந்தால் விளையாட்டு தவறானதைப் பிடித்துக்கொள்ளலாம், ஒன்றைக் கழற்றிவிடுங்கள். நேர்மாறாக, 2003-ல் வந்த ஃப்ரீலான்சருக்கு ஜாய்ஸ்டிக்கே வேண்டாம். அது மவுஸுக்காகவே செய்தது. குச்சியைச் செருகி அதனோடு மல்லுக்கட்டாதீர்கள்.

திரையை இழுத்து நிரப்புவது இன்னொரு தவறு. பழைய 320×200 படம் 4:3 கண்ணாடித் திரைக்காக வரைந்தது. ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட உயரம் 1.2 மடங்கு இருக்கும் என்று கணக்குப் பண்ணித்தான் ஓவியர்கள் வரைந்தார்கள். அதை அகலத் திரை முழுக்க இழுத்தால் கோள்கள் முட்டையாகிவிடும், விமானி அறை தட்டையாகிவிடும். கண் அளக்கும் தூரமும் கை தள்ளும் தூரமும் ஒத்துப்போகாது. டாஸ்பாக்ஸ் அமைப்பில் ஆஸ்பெக்ட் என்ற வரியை ட்ரூ ஆக்குங்கள். 1920×1080 திரையில் நடுவே 1440×1080 மட்டும் படம், இரண்டு பக்கமும் கறுப்பு. அந்தக் கறுப்பு பத்து நிமிஷத்தில் கண்ணுக்கு மறைந்துவிடும்.

இசையைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். எக்ஸ்-விங், டை ஃபைட்டர் என்ற இரண்டு விளையாட்டுகளையும் 2014-லிருந்து, பழைய விளையாட்டுகளை விற்கும் ஜிஓஜி தளத்தில் முறையாக வாங்கலாம். வாங்கினால் ஒவ்வொன்றிலும் பழைய டாஸ் வடிவமும் 1998-ல் விண்டோஸுக்காக மாற்றிச் செய்த வடிவமும் சேர்ந்தே வரும். எல்லோரும் புதியதுதான் நல்லது என்று 1998 வடிவத்தைத் திறக்கிறார்கள். அதில் கப்பல்களின் உருவம் தெளிவாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் டாஸ் வடிவத்தில் ஐம்யூஸ் என்ற இசை முறை இருந்தது. மைக்கேல் லாண்டும் பீட்டர் மெக்கானலும் லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தில் உருவாக்கியது. சண்டையில் நடப்பதற்கு ஏற்ப இசை தானாகத் திரும்பும். எதிரிக்குத் துணைப்படை வந்து இறங்கினால் இசை மாறும். ராடாரைப் பார்க்கும் முன்பே காது சொல்லிவிடும். 1998 வடிவத்தில் அதை எடுத்துவிட்டுப் பதிவு செய்த இசையைச் சுற்றிச் சுற்றி ஓட விட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கம் பர்மாத் தேக்குத் தூணுக்கு எனாமல் பெயின்ட் அடித்துவிட்டுப் புதுசாக்கிவிட்டோம் என்பார்களே, அந்த மாதிரிதான் எனக்குப் படுகிறது. பளபளப்பு வந்தது, மரம் போயிற்று. முதல் தடவை விளையாடுகிறவர்கள் தயவுசெய்து டாஸ் வடிவத்திலிருந்து தொடங்குங்கள். 1998 வடிவம் ஜாய்ஸ்டிக் இல்லாமல் ஓடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

டாஸ் வடிவத்திலும் ஒலி அமைப்பில் கவனம் வேண்டும். எல்லாவற்றுக்கும் சவுண்ட் பிளாஸ்டர் என்ற பழைய ஒலி அட்டையைக் கொடுத்துவிட்டால் வெடிச்சத்தம் சரியாக வரும், இசை மட்டும் தகரத்தில் தட்டுவதுபோல் கேட்கும். சத்தத்துக்குச் சவுண்ட் பிளாஸ்டர், இசைக்கு ஜெனரல் மிடி (வாத்தியங்களுக்கான பொது வரிசை முறை) என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுங்கள். விங் கமாண்டர் மட்டும் விதிவிலக்கு: அது அதற்கு முந்திய ரோலண்ட் எம்டி-32 கருவிக்கு இசைந்தது, ஜெனரல் மிடியில் வாத்தியங்கள் இடம் மாறிவிடும்.

பழைய சிடியிலிருந்தே ஓட்ட நினைப்பவர்களுக்கு மூன்று விஷயம். சிடியில் பாட்டுத் தடங்கள் தனியாக இருந்தால் ஐஎஸ்ஓ என்ற வகைக் கணினிப் பிரதியில் அவை வராது. பாட்டையும் சேர்த்து எடுக்கும் பின்-க்யூ வடிவில் எடுங்கள். தொண்ணூறுகளின் விண்டோஸ் விளையாட்டுகள் சிலவற்றின் நிறுவும் நிரல் 16 பிட். 64 பிட் விண்டோஸ் அதைத் திறக்கவே திறக்காது, விளையாட்டு நன்றாகவே இருந்தாலும். அப்புறம், புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் எதையும் நிறுவாதீர்கள். பழைய விளையாட்டுகள் தங்கள் கோப்புறையிலேயே சேமிக்கும். விண்டோஸ் அங்கே எழுத விடாமல் வேறெங்கோ கொண்டுபோய் வைக்கும். ஒரு நாள் உங்கள் ஆட்டத்தைச் சேமித்த விமானிக் கோப்பையே காணோம் என்று தேடுவீர்கள். எக்ஸ்-விங்கில் விமானி இறந்தால் அந்தக் கோப்பிலும் இறந்தவர்தான், ஆகவே அதற்கு ஒரு பிரதி எடுத்து வைப்பது அந்தக் காலத்திலிருந்தே வழக்கம்.

1999-ன் ஃப்ரீஸ்பேஸ் 2 மட்டும் தனிக் கதை. வொலிஷன் நிறுவனம் 2002-ல் அதன் மூல நிரலை வெளியிட்டது. அன்றிலிருந்து ரசிகர்கள் அதைப் புதுப்பித்துக்கொண்டே வருகிறார்கள். ஃப்ரீஸ்பேஸ் ஓப்பன் என்று பெயர். இருந்தும் பலர் வாங்கியவுடன் பழைய நிரலையே ஓட்டி, திரை தகராறு செய்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். வெளியானது நிரல் மட்டும்தான். படம், குரல், பயணங்கள் எல்லாம் விலைக்கு வாங்கிய விளையாட்டிலிருந்தே வரவேண்டும். நாசோஸ் என்ற நிரல் இரண்டையும் சேர்த்துவைக்கும். இதிலும் ஒரு வேண்டுகோள்: நெபுலா என்ற விண்மேகத்துக்குள் போகும் பயணங்களில் ஒன்றும் தெரியவில்லை என்று திரை வெளிச்சத்தைக் கூட்டாதீர்கள். தெரியாமல் இருப்பதுதான் அங்கே பயம்.

இத்தனையும் சரிசெய்தபின் மிஞ்சுவது விளையாடும் முறை. இவை பொத்தானை அழுத்திக்கொண்டே சுட்டால் முடிகிற விளையாட்டுகள் அல்ல. எக்ஸ்-விங்கைச் செய்த லாரன்ஸ் ஹாலண்ட் அதற்கு முன் இரண்டாம் உலகப்போர் விமான சிமுலேட்டர்களைச் செய்தவர். அதில் கப்பலின் சக்தியை நாம்தான் பங்கிட வேண்டும்: எஃப்9 விசை பீரங்கிக்கு, எஃப்10 விசை கேடயத்துக்கு. இரண்டுக்கும் அதிகம் கொடுத்தால் எஞ்சினுக்குக் குறைந்து கப்பல் தளரும். டை ஃபைட்டரில் ஆரம்பத்தில் கிடைக்கும் கப்பலுக்குக் கேடயமே கிடையாது, எதிரிக்கு நேர் எதிரே போனால் முடிந்தது. இதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. பயிற்சிப் பறப்பைத் தாண்டிக் குதிக்காமல், ஒரு மத்தியானம் பட்டாலையில் உட்கார்ந்து கையேட்டைப் படியுங்கள். ஜிஓஜியில் வாங்கினால் பிடிஎஃப் ஆகத் தருகிறார்கள்.

கடைசியாக, தோற்றவுடன் பழைய சேமிப்புக்குத் திரும்புவது. விங் கமாண்டரில் தோல்வியும் கதையின் ஒரு வழி. பயணங்கள் மரக்கிளைபோல் பிரியும். தொடர்ந்து வென்றால் வெனிஸ் என்ற மண்டலத்தில் போய் முடியும். தோற்றுக்கொண்டே போனால் ஹெல்ஸ் கிச்சன் என்ற மண்டலத்துக்குப் பின்வாங்கிப் போவோம். ஒவ்வொரு தோல்வியையும் அழித்துக்கொண்டே போகிறவர் பாதி விளையாட்டைப் பார்க்காமலே முடித்துவிடுவார்.

எல்லாம் சரியான பிறகு அக்கா மகனை மறுபடி கூப்பிட்டேன். சைக்கிள்ஸ் குறைத்து, கறுப்பு ஓரம் விட்டு, ஜாய்ஸ்டிக் நடுங்காமல். முதல் பயணத்தில் துணைக்கு வரும் விமானி ஸ்பிரிட். எதிரியை விரட்டும் ஆசையில் அவன் அவளைத் தனியே விட்டுவிட்டான். அவள் கப்பல் வெடித்தது. திரும்பி வந்ததும் இறுதிச்சடங்கு, மரியாதை செலுத்தி நிற்கும் விமானிகள். அவன் கை சேமிப்புப் பக்கம் போயிற்று.

"அம்மான், திரும்ப முதல்லேருந்து போடவா?"

"வேண்டாம்டா. போய் அடுத்ததைப் பாரு."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குச்சியைப் பிடித்தான். அடுத்த பயணத்துக்கு அவன் தனியாகத்தான் போனான்.