பகடையை உருட்டும் முன்: ஸ்கில்லிலும் நோக்கத்திலும் செய்யக்கூடாத தவறுகள்

பெரும்பாலான டேபிள்டாப் ஆர்பிஜிகளில் (மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் கதை விளையாட்டுகள்) கேரக்டர் ஷீட்டில், அதாவது பாத்திரத்தின் விவரத்தாளில், இரண்டு கேள்விகளுக்குப் பதில் இருக்கும். பூட்டைத் திறக்க வருமா, சொல்கிற பொய் எடுபடுமா என்பதற்கு எண், அது ஸ்கில். எதற்காக இந்த ஆள் உயிரைப் பணயம் வைத்து அந்தக் குகைக்குள் நுழைகிறான் என்பதற்கு ஒன்றிரண்டு வாக்கியம்; அது நோக்கம். முதலாவதை அளவுக்கு மீறி உருட்டுவதும், இரண்டாவதை எழுதிவைத்து மறந்துவிடுவதும்தான் பெரும்பாலும் ஆட்டத்தைக் கெடுக்கின்றன.

டி&டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் (2014) நான்கு பேர் ஒரு காவலாளியைத் தாண்டிப் பதுங்கிப் போகிறார்கள். அவனுடைய பாஸிவ் பெர்செப்ஷன் (உருட்டாமலே கவனிக்கும் திறன்) 12; அதை எட்டினால் அவன் கண்ணில் படமாட்டார்கள். எல்லோருக்கும் ஸ்டெல்த் (பதுங்கும் ஸ்கில்) +5 என்றே வைத்துக்கொள்வோம். டி20 என்ற இருபது முகப் பகடையில் 7 அல்லது அதற்கு மேல் விழுந்தால் போதும், ஆளுக்கு 70 சதவீத வாய்ப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவர் மாட்டினாலே எல்லோரும் மாட்டியதாக டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) எடுத்துக்கொண்டால், நால்வரும் தப்பும் வாய்ப்பு 24 சதவீதம்தான். இதே வழியில் இன்னும் இரண்டு காவலாளிகளுக்குத் தனித்தனியே உருட்டச் சொன்னால் சண்டையை அப்போதே தொடங்கிவிடலாம். இதற்குத்தான் குரூப் செக் என்று ஒரு விதி இருக்கிறது: பாதிப் பேருக்காவது விழுந்தால் குழுவே தப்பியது. அதே எண்களுக்கு வாய்ப்பு 92 சதவீதமாகிறது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. கல்வெட்டைப் படிக்க ஒருவர் ஹிஸ்டரி உருட்டித் தோற்றதும், “அப்ப நானும் உருட்டறேன்” என்று மேஜையே பகடையைக் கையில் எடுக்கும். ஆளுக்கு 30 சதவீதம்தான் என்றாலும் நால்வரில் யாராவது ஒருவருக்கு விழும் வாய்ப்பு 76. ஹிஸ்டரியில் ப்ரொஃபிஷியன்சி (தேர்ச்சி) வாங்கியவருக்கு அப்புறம் என்ன மரியாதை? அந்த ஸ்கில் உள்ளவர் மட்டும் உருட்டட்டும். மற்றவர் கைகொடுத்தால் அவருக்கு அட்வான்டேஜ் (இரண்டு டி20 உருட்டி உயர்ந்ததை எடுப்பது) கொடுங்கள்.

துப்பறியும் ஆட்டங்களில் பெரிய வினை வேறு இடத்தில் இருக்கிறது. கால் ஆஃப் கதுல்ஹு ஆட்டத்தில் லைப்ரரி யூஸ் (நூலகத்தில் தேடும் ஸ்கில்) 40 சதவீதம் உள்ளவர் பழைய செய்தித்தாள்களைப் புரட்டுகிறார். அடுத்த காட்சிக்குப் போகும் ஒரே வழி அந்தத் தாளில் இருக்கும் முகவரி. நூறில் அறுபது தடவை அது கிடைக்காது. கதை அங்கேயே நின்றுவிடும். கீப்பர் (இந்த ஆட்டத்தை நடத்துபவர்) முழித்துக்கொண்டு “இன்னொரு தடவை உருட்டுங்க” என்பார். ராபின் லாஸ் எழுதி 2007-இல் வந்த கம்ஷூ விதிமுறை இதை நேரடியாகத் தீர்த்தது: பொருத்தமான ஸ்கில் இருந்து, சரியான இடத்தில் தேடினால், முக்கியத் துப்பு உருட்டாமலே கைக்கு வரும். கதுல்ஹு ஆடுபவர்களும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். முகவரி கிடைத்தே தீரும். அதற்கு ஆகும் விலையைப் பகடை சொல்லட்டும். தோற்றால் மாலைவரை நேரம் போய்விடும், அல்லது அவர் என்ன தேடினார் என்பதை வேறொருவன் கவனித்துவிடுவான். கதுல்ஹு ஏழாம் பதிப்பின் புஷ் விதியையும் (தோற்ற உருட்டலை இன்னொரு முறை முயல்வது) வெறும் மறு உருட்டலாக ஆக்கிவிடாதீர்கள். ஆட்டக்காரர் புதிதாக என்ன செய்கிறார் என்று சொல்ல வேண்டும். மறுபடி தோற்றால் நிலைமை மோசமாகும். சண்டையில் புஷ் கிடையாது.

நோக்கத்துக்கு வருவோம். 2014 டி&டி-யில் ஐடியல் (கொள்கை), பாண்ட் (பற்று), ஃப்ளா (குறை) மூன்றையும் எழுதுவார்கள். அதற்கேற்ப ஆடினால் டிஎம் இன்ஸ்பிரேஷன் தருவார். அதைச் செலவழித்து ஒரு உருட்டலுக்கு அட்வான்டேஜ் வாங்கலாம். பத்துப் பதினைந்து வேலைக்கு நடுவே டிஎம் அதைக் கொடுக்கவே மறந்துவிடுவார். கொடுத்தாலும் ஆட்டக்காரர் பத்திரப்படுத்தி வைப்பார், ஒன்றுக்கு மேல் சேர்க்க முடியாது என்று தெரியாமல். மேஜை நடுவே ஆளுக்கொரு காயின் வையுங்கள், கண்ணில் பட்டால் நினைவு வரும். வேண்டுமானால் தன்னுடையதை இன்னொரு ஆட்டக்காரருக்குக் கொடுக்கவும் விதி இருக்கிறது.

எழுதும் விதத்திலேயே பாதி நோக்கங்கள் செத்துப்போகின்றன. “என் ஊரை எரித்தவர்களைப் பழிவாங்குவேன்” என்றால் இன்றைய செஷனில் ஜிஎம் (டிஎம் போலவே ஆட்டத்தை நடத்துபவர்) அதை வைத்து என்ன செய்வார்? “கூலிப்படைக்குப் பணம் கொடுத்தது யாரென்று வரித் தண்டல்காரனின் கணக்கேட்டைப் பார்த்துவிடுவேன்” என்றால் ஒரு ஆள், ஒரு பொருள், ஒரு இடையூறு கிடைத்துவிட்டது. பர்னிங் வீல் ஆட்டம் கேட்கும் மூன்று பிலீஃபுகளும் இப்படித்தான் இருக்க வேண்டும்: ஒரு நம்பிக்கை, கூடவே உடனே செய்யக்கூடிய ஒரு காரியம்.

ஃபேட் கோர் ஆட்டத்தில் ஜிஎம் ஒரு ஆஸ்பெக்டை (பாத்திரத்தை விவரிக்கும் ஒரு சொற்றொடர்) காட்டிச் சிக்கல் கொடுப்பதுதான் கம்பெல். ஏற்றுக்கொண்டால் ஒரு ஃபேட் பாயின்ட் (பின்னால் செலவழித்துக்கொள்ளும் புள்ளி) வரும், மறுத்தால் ஒன்று போகும். இதைத் தண்டனையாகப் பயன்படுத்தும் ஜிஎம்கள் நிறைய. சிக்கல் என்னவென்று சொல்லி, பாயின்டை முன்னால் நீட்டி, சரியா என்று கேளுங்கள்.

பென்ட்ராகன் ஆட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே குணமே எண்: இரக்கமும் கொடூரமும் போன்ற ஜோடிகள், ஒவ்வொரு ஜோடியின் கூட்டுத்தொகை 20. எடுத்ததற்கெல்லாம் உருட்டச் சொன்னால் வீரன் பொம்மையாகிவிடுவான். மனம் உண்மையிலேயே இரண்டுபடும் இடத்தில் மட்டும் கேளுங்கள். முதல் குணம் தோற்றால் எதிர்க்குணத்தை உருட்ட வேண்டும். இரண்டும் தோற்றால் முடிவு ஆட்டக்காரர் கையில்.