அஜந்தா: எந்தக் குகை முதலில்?

திங்கட்கிழமை அஜந்தாவுக்கு விடுமுறை, எல்லோராவுக்குச் செவ்வாய். இதைப் பார்க்காமல் அவுரங்காபாத்திலிருந்து (இன்றைய சத்ரபதி சம்பாஜிநகர்) 100 கி.மீ. போய்த் திரும்பியவர்கள் உண்டு. ஃபர்தாபூர் சாலைப் பிரிவில் வண்டியை விட்டுவிட்டு, கடைசி 4 கி.மீ. அங்குள்ள பேருந்தில்தான்.

ஓவியத்துக்கு 1, 2, 16, 17. கூட்டம் சேருமுன் 1-ஆம் குகைக்குள் போய்விடுங்கள். வெயிலிலிருந்து நுழைந்ததும் ஒன்றும் தெரியாது. சில நிமிடம் சும்மா நில்லுங்கள். பின்சுவரில், கருவறைக்கு இடப்பக்கம், நீலத்தாமரை ஏந்திய பத்மபாணி என்னும் போதிசத்துவர் மெல்லத் துலங்குவார். ஃபிளாஷ் கூடாது. சுவரைத் தொடவும் வேண்டாம்: மண்பூச்சு காய்ந்தபின் தீட்டிய வண்ணம், எளிதில் உதிரும். செருப்பைக் கழற்ற வேண்டும், வெயிலில் பாறை சுடும், காலுறை கொண்டுபோங்கள்.

26-இல் பரிநிர்வாண புத்தர், அதாவது இறுதி நேரத்தில் படுத்திருக்கும் புத்தர் சிலை, சுமார் 7 மீட்டர் நீளம். காலடியிலிருந்து தலைவரை நடந்து பாருங்கள். கீழே அழும் சீடர்களின் முகங்களைத் தவறவிடாதீர்கள்.