கறவைச் சட்டம் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பால் கறக்கும் நேரத்தில் மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொள்ளப் புதிதாகச் சட்டம் அடித்திருப்பதாக, காரிமங்கலம் பக்கத்தில் ஒரு தம்பி போன மாதம் கூப்பிட்டார். பச்சைப் பெயிண்ட் இன்னும் காயவில்லை. பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பதினோரு ஆண்டுகளுக்கு முன் நான் கட்டியதை அச்சு அசலாகக் கட்டி வைத்திருந்தார். குழாயை ஆழமாக ஊன்ற வேண்டும், வெல்டிங் பிசிறை அரத்தால் தேய்க்க வேண்டும் என்பதெல்லாம் எவருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கேட் தாழ்ப்பாள்

சட்டத்தில் இரண்டு நெட்டுக் குழாய்கள். ஒன்று அசையாது. மற்றது அடியில் ஒரு போல்ட்டில் நின்று, மேல்முனை பக்கவாட்டில் சாயும். சாய்ந்திருக்கும்போது மாடு தலையை நுழைத்துத் தீனித் தொட்டிக்குப் போகும். நிமிர்த்திப் பூட்டினால் தலையை வெளியே எடுக்க முடியாது. பூட்டுவதற்கு நான் போட்டது, கேட்டுக்குப் போடுகிற இழுப்புத் தாழ்ப்பாள். கச்சிதமாகப் பொருந்தியது. அந்தக் கச்சிதம்தான் வினை.

கூடவே ஒரு கஞ்சத்தனம். குழாய் மிச்சமாகட்டும் என்று அடிச்சட்டத்தை, அதாவது அந்த இரண்டு குழாய்களும் நிற்கும் குறுக்குக் குழாயை, தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் வைத்தேன். ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை, கறந்துகொண்டிருக்கும்போதே என் செவலை ஜெர்சிக் கலப்பு சாணி ஈரத்தில் வழுக்கி மண்டியிட்டது. தொண்டை அடிச்சட்டத்தில் மாட்டித் தொங்கியது. உடம்பு ஒருபக்கம் சரிந்து சாயும் குழாயைத் தள்ளியதும், தாழ்ப்பாள் ஓட்டைக்குள் இறுகிக்கொண்டது. இழுத்தேன், சுத்தியலால் அடித்தேன், நூலளவும் நகரவில்லை. மாட்டின் நாக்கு வெளியே தள்ளிக் கறுத்தது. பக்கத்து வீட்டுப் பெரியப்பா ஆக்சா பிளேடோடு ஓடி வந்து தாழ்ப்பாளை அறுத்தார்.

மாடு பிழைத்தது. வேளைக்கு ஐந்து லிட்டர் கறந்தது இரண்டுக்கு இறங்கியது. பிறகு மடிநோயும் வந்தது. கடைசியில் போச்சம்பள்ளிச் சந்தையில் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தம்பியிடம் இதைச் சொன்னால், “என் மாடு சாதுதான் அண்ணா” என்கிறார். சாணியில் வழுக்குவதற்குச் சாது என்ன, முரடு என்ன!

பட்டை இரும்பை ‘ப’ போல வளைத்து, மேலிருந்து விழுந்து குழாயின் தலையைக் கவ்வுகிற கொண்டியாகப் போடுங்கள். உள்ளே அரை அங்குலம் ஆட்டம் இருக்கட்டும். இறுகினாலும் அடியிலிருந்து கட்டையால் தட்டினால் எழும்பிவிடும். தொட்டியைச் சுற்றிப் போகாமல், கறக்கிறவர் நின்ற இடத்திலிருந்தே அது எட்ட வேண்டும். அடிச்சட்டம் தரையிலிருந்து ஓரடிக்குள் இருந்தால், மாடு மண்டியிட்டாலும் கழுத்து அதோடு கீழே இறங்கும். கட்டி முடித்ததும் குழாயின்மேல் நீங்கள் முழுப் பாரத்தோடு சாயுங்கள். வீட்டில் இன்னொருவர் ஒரே கையால் திறக்கட்டும். திறக்க முடியவில்லை என்றால் அதில் மாட்டை ஏற்றாதீர்கள்.

தம்பி கொண்டியை மாற்றிவிட்டார். அடிச்சட்டம் மட்டும் இன்னும் இரண்டடியில்தான் நிற்கிறது. போகும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்தவர் மாட்டின் அளவு

உங்கள் மாட்டின் கழுத்தை அளந்து பாருங்கள். பூட்டிய பிறகு இரண்டு குழாய்களுக்கும் நடுவே, சிறிய ஜெர்சிக் கலப்புக்கு ஏழு அங்குல இடைவெளி போதும், பெரிய ஹெச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன்) கலப்புக்கு எட்டு வேண்டும். போல்ட்டுக்கு மூன்று ஓட்டைகள் போட்டு வைத்தால் நாளைக்குக் கிடேரிக்கும் உதவும். ஆலம்பாடி நாட்டு மாடு வைத்திருப்பவர்கள் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம் என்பேன். அந்த நீண்ட கொம்போடு சட்டத்தில் தலையை விட்டு எடுப்பதற்குள் பொழுது விடிந்துவிடும்.

நாள் முழுக்கப் பூட்டி வைப்பது

மாடு எழும்போது பின்பக்கத்தைத்தான் முதலில் தூக்கும். அதற்குத் தலையை முன்னே வீச இடம் வேண்டும். பூட்டுக்குள் அது நடக்காது. கறந்ததும் திறந்துவிட்டு, கயிற்றில் கட்டித் தீனி போடுங்கள். காம்புத் துவாரம் மூட அரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் படுத்தால் அழுக்கு உள்ளே போகும்; அதுவரை படுக்காமல் நின்று தின்னட்டும்.

முதல் நாளே பூட்டுவது

மிரண்ட மாடு பாலை அடக்கிக்கொள்ளும். ஒரு வாரம் பூட்டாமல், சட்டத்துக்குள் தலையை விட்டுத் தின்னப் பழகத் தவிடு வையுங்கள்.

வழவழத் தரை

கொத்தனார் எவ்வளவு ஆசைப்பட்டாலும் சிமெண்ட் பால் பூச விடாதீர்கள். ஈரம் காயும் முன் விளக்குமாற்றால் கீறிவிடச் சொல்லுங்கள்.