அதிபர் பொய் சொன்னாரா? வீட்டுச் சண்டைக்கு ஓர் ஆடிட்டரின் வழி

எங்கள் வீட்டில் அமெரிக்க அரசியல் பேச ஆரம்பித்தால், எந்த அதிபரில் தொடங்கினாலும் கடைசியில் ஜார்ஜ் புஷ்ஷில்தான் வந்து நிற்கும். மகன் புஷ்ஷைச் சொல்கிறேன், அப்பா புஷ்ஷை அல்ல. டெக்சஸில் இருக்கும் என் அண்ணன் குடியரசுக் கட்சிப் பக்கம். கல்லூரியில் படிக்கும் என் மகள் ஜனநாயகக் கட்சிப் பக்கம். பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று சொல்லி 2003-இல் புஷ் ஈராக் மேல் போர் தொடுத்தார், ஆயுதக் குவியல் கிடைக்கவில்லை; சண்டை அதைப் பற்றித்தான். "மாமா, பொய் சொல்லித்தான் புஷ் ஈராக்குக்குப் போனாரு" என்பாள் அவள். "உளவுத்துறை தப்பா சொன்னா அந்த மனுஷன் என்னம்மா பண்ணுவாரு?" என்பார் அவர். அதற்குள் சாம்பார் ஆறிவிடும்.

நான் சின்சினாட்டியில் ஆடிட் வேலை பார்க்கிறவள். கணக்கில் தப்பு இருப்பது வேறு, மோசடி இருப்பது வேறு என்று பிரித்துப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அதே முறையை இவர்கள் இருவர் மேலும் போட்டுப் பார்த்தேன். ஓரளவு வேலை செய்கிறது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ஜோடி இருந்தால் நீங்களும் செய்து பார்க்கலாம்.

இப்போது பதவியில் இருப்பவரை வைத்து இதைப் பழக வேண்டாம். அவருடைய கோப்புகள் இன்னும் பூட்டிக் கிடக்கும், நமக்குக் கிடைப்பது இரண்டு கட்சிக்காரர்களின் கூச்சல் மட்டும்தான். புஷ் காலத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. செனட் அறிக்கைகள், தனி விசாரணைக் குழுவின் அறிக்கை, பிரிட்டனின் விசாரணை என்று எல்லாம் வெளியே வந்துவிட்டன.

முதல் வேலை, "அவர் பொய்யர்" என்ற பேச்சை ஓரமாக வைப்பது. ஒரே ஒரு வாக்கியத்தை எடுங்கள். அதற்குத் தேதியும் இடமும் இருக்க வேண்டும். யூடியூபில் வெட்டி ஒட்டிய இருபது நொடியை நம்ப வேண்டாம். சாண்டா பார்பராவில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், அதிபர்களின் உரைகளை முழுசாகச் சேர்த்து இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. அதில் தேடி, சந்தேகப்படும் வரிக்கு முன்னும் பின்னும் உள்ள பத்திகளையும் சேர்த்துப் படியுங்கள்.

நாங்கள் எடுத்த முதல் வாக்கியம் 2003 ஜனவரி 28 அன்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் முன்னால் புஷ் ஆற்றிய உரையில் வருவது. ஈராக் அதிபர் சதாம் உசேன் ஆப்பிரிக்காவிலிருந்து கணிசமான அளவு யுரேனியம் (அணுகுண்டுக்கு வேண்டிய பொருள்) வாங்க அண்மையில் முயன்றதை பிரிட்டிஷ் அரசு அறிந்திருக்கிறது என்றார். ஆங்கிலத்தில் பதினாறே சொற்கள். அந்தக் காலத்தில் பத்திரிகைகள் 'பதினாறு சொற்கள்' என்றே இந்தச் சர்ச்சைக்குப் பெயர் வைத்துவிட்டன. இதில் என்ன சொல்லப்படவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வாங்கினார் என்று சொல்லவில்லை, முயன்றார் என்றுதான் இருக்கிறது. எங்களுக்குத் தெரியும் என்றும் சொல்லவில்லை, பிரிட்டனுக்குத் தெரியும் என்றார். அண்ணன் உடனே இதைப் பிடித்துக்கொண்டார். அவர் பக்கம் சாட்சியும் இருக்கிறது: 2004 ஜூலையில் வந்த பிரிட்டனின் பட்லர் விசாரணை அறிக்கை, அந்த வாக்கியத்துக்குத் தக்க ஆதாரம் இருந்தது என்றே சொன்னது.

சரி, அதோடு ஃபைலை மூடிவிடலாமா? கூடாது. பேசிய அன்று அவர் அலுவலகத்தின் மேசையில் என்ன காகிதம் இருந்தது என்று பார்ப்பது இரண்டாவது வேலை. இங்கேதான் எங்கள் ஊர் வருகிறது. 2002 அக்டோபர் 7 அன்று சின்சினாட்டி யூனியன் டெர்மினல் அருங்காட்சியகத்தில் புஷ் ஈராக் பற்றிப் பேசினார். அந்த உரையின் வரைவிலும் யுரேனியம் வரி இருந்தது. அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.-வின் தலைவர் ஜார்ஜ் டெனெட் தலையிட்டு அதை எடுக்க வைத்தார். நான்கு மாதம் ஆவதற்குள் அதே சரக்கு இன்னொரு உரைக்குள் வந்துவிட்டது. 2003 ஜூலை 6 அன்று, யுரேனியம் கிடைக்கும் ஆப்பிரிக்க நாடான நைஜருக்குப் போய் விசாரித்துவிட்டு வந்த முன்னாள் தூதர் ஜோசஃப் வில்சன், அப்படி ஒரு வியாபாரம் நடந்திருக்க வாய்ப்பு குறைவு என்று நியூயார்க் டைம்ஸில் எழுதியதும் விஷயம் வெடித்தது. ஐந்தே நாளில் டெனெட், அந்த வரி உரையில் இருந்திருக்கக் கூடாது என்று பொறுப்பேற்றார். அதே மாதம் வெள்ளை மாளிகையின் துணைத் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஸ்டீபன் ஹாட்லி, சி.ஐ.ஏ. அனுப்பிய எச்சரிக்கைக் குறிப்புகள் அக்டோபரிலேயே தனக்கு வந்தன என்று ஒப்புக்கொண்டார்.

ஆக, அலுவலகத்துக்குத் தெரியும். அதிபருக்குத் தெரியுமா? இந்த இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதாதீர்கள். கம்பெனிக் கணக்கிலும் கிளார்க்குக்குத் தெரிந்ததெல்லாம் முதலாளிக்குத் தெரியும் என்று நாங்கள் எழுதுவதில்லை. அதற்காக முதலாளியை விட்டுவிடுவதும் இல்லை. 'மேற்பார்வை சரியில்லை' என்று தனியாகக் கொட்டை எழுத்தில் எழுதுவோம். பதினாறு சொற்களுக்கு நான் போட்ட முடிவும் அதுதான்.

தேதி விஷயத்தில் என் மகளோடு நிறைய மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. போருக்குப் பிறகு ஈராக்கில் ஆயுதம் தேடிய குழு 2004 இலையுதிர் காலத்தில் தந்த டூல்ஃபர் அறிக்கை, ஈராக்கில் பேரழிவு ஆயுதக் குவியல் எதுவும் இல்லை என்று சொன்னது. அதை எடுத்து 2002-இல் பேசியது பொய் என்று அடித்துவிடுவாள். அந்த அறிக்கை, சொன்னது உண்மையல்ல என்று காட்டும். சொன்னவருக்கு அது அன்றே தெரியும் என்று காட்டாது. கணக்கு முடித்த தேதிக்கு அப்புறம் வந்த தகவலைத் தனிப் பக்கத்தில்தான் எழுத வேண்டும்.

அதே தேதிக் கணக்கு அவளுக்குச் சாதகமாகவும் திரும்பும். 2002 அக்டோபரில் உளவு அமைப்புகள் சேர்ந்து தயாரித்த தேசிய உளவு மதிப்பீட்டில், ஈராக் அணுஆயுதத் திட்டத்தை மறுபடி தொடங்கிவிட்டது என்ற முடிவை வெளியுறவுத் துறையின் உளவுப் பிரிவு ஏற்கவில்லை. ஈராக் வாங்க முயன்ற அலுமினியக் குழாய்கள் அணு வேலைக்குத்தான் என்பதை எரிசக்தித் துறையும் ஏற்கவில்லை. இந்த மறுப்புகள் அந்த ஆவணத்திலேயே பதிவாகியிருக்கின்றன. 2003 மார்ச் 17 அன்று, போருக்கு முந்தைய உரையில் புஷ் என்ன சொன்னார்? ஈராக்கிடம் கொடிய ஆயுதங்கள் இருப்பதில் உளவுத் தகவல்கள் சந்தேகத்துக்கே இடம் வைக்கவில்லை என்றார். அந்த ஆவணத்தில் ரசாயன, உயிரியல் ஆயுதங்களைப் பற்றி உளவு அமைப்புகள் உறுதியாகத்தான் எழுதியிருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் துறைகளுக்குள் இருந்த சச்சரவு மேடைக்கு வரவே இல்லை. இதற்கு 'பொய்' என்ற முத்திரையை நான் குத்தவில்லை. 'மறைப்பு' என்று எழுதினேன். அண்ணன் 'மிகைப்படுத்தல்' போதும் என்றார். பேரம் படியவில்லை, இரண்டையும் எழுதி வைத்திருக்கிறோம்.

அப்புறம் அறிக்கைகள். அறிக்கையின் முடிவைப் படிப்பதற்கு முன்னால், அதை எழுதியவர்களுக்கு என்ன வேலை கொடுத்தார்கள் என்று பாருங்கள். அண்ணனுக்குப் பிடித்தது 2005 மார்ச்சில் வந்த ராப்–சில்பர்மன் குழு அறிக்கை. உளவுத்துறையின் கணிப்பு அடியோடு தப்பு, ஆய்வாளர்களை அரசியல் அழுத்தம் மாற்றியதாகத் தெரியவில்லை என்றது அது. "பாத்தியா, அழுத்தமே இல்லைன்னு எழுதிட்டாங்க" என்பார். ஆனால் அந்தக் குழுவை நியமித்தவர் புஷ். உளவுத் தகவலை அரசியல்வாதிகள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று பார்க்கும் அதிகாரம் அந்தக் குழுவுக்குத் தரப்படவே இல்லை. அதைக் குழுவே தன் அறிக்கையில் சொல்லிவிட்டது. குளியலறையைத் திறந்து பார்க்காத வீட்டுத் தரகர் வீடு சுத்தம் என்று சொன்னால் எவ்வளவு நம்புவீர்களோ, அவ்வளவுதான் இதையும் நம்பலாம்.

அரசியல்வாதிகள் பேசியதை வாக்கியம் வாக்கியமாக உளவுத் தகவலோடு ஒப்பிட்டது 2008 ஜூனில் வந்த செனட் உளவுக் குழுவின் அறிக்கை. குழுவில் பத்துக்கு ஐந்து என்று ஓட்டு விழுந்தது. சக் ஹேகல், ஒலிம்பியா ஸ்னோ என்ற இரண்டு குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் ஜனநாயகக் கட்சியினரோடு சேர்ந்து ஓட்டுப் போட்டார்கள். இப்படிக் கட்சி தாண்டி வந்த ஓட்டைத் தேடிப் பிடிப்பது நல்ல பழக்கம். அது என்ன சொன்னது தெரியுமா? ஆயுதம் பற்றிய பேச்சுகளில் பலவற்றுக்கு அன்றைய உளவுத் தகவலில் ஆதாரம் இருந்தது, ஆனால் உள்ளே இருந்த கருத்து வேறுபாட்டைச் சொல்லவில்லை. சதாமும் அல்-கொய்தாவும் கூட்டாளிகள் என்று தொனித்த பேச்சுகளுக்கு ஆதாரம் இல்லை. முதல் பாதியைப் படித்தபோது மகள் முகம் தொங்கியது. இரண்டாம் பாதி வந்ததும் அண்ணன் தண்ணீர் கேட்டார்.

இந்த இரண்டாம் பாதியில் கொஞ்சம் நிற்க வேண்டும். 2003 ஆகஸ்டில் வாஷிங்டன் போஸ்ட் எடுத்த கருத்துக்கணிப்பில் 69 சதவீதம் பேர், செப்டம்பர் 11 தாக்குதலில் சதாமுக்கு நேரடிப் பங்கு இருந்திருக்கலாம் என்று நம்பினார்கள். மறு மாதம் 17-ஆம் தேதி புஷ்ஷே, அதற்கு எங்களிடம் ஆதாரம் இல்லை என்று சொன்னார். சதாம்தான் செய்தார் என்று அதிபர் நேரடியாகச் சொன்ன வாக்கியத்தைக் கண்டுபிடி என்று மகளிடம் சொன்னேன். தேடினாள், கிடைக்கவில்லை. செப்டம்பர் 11, ஈராக், பயங்கரவாதம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் பேசிய உரைகள் மட்டும் வரிசையாகக் கிடைத்தன. எனவே வாக்கியம் வாக்கியமாகப் பார்த்து முடித்த பிறகு, மொத்தமாகக் கேட்டவர் மனதில் என்ன தங்கியது என்று ஒரு தனி வரி எழுதுங்கள். இந்த வரியில் எண் வராது, நிதானம்தான் வேண்டும்.

"கிளின்டனும் இதைத்தானே சொன்னார்" என்பது கட்டாயம் வரும். வரட்டும். சதாம் ஆட்சியை அகற்றுவதை ஆதரிக்கும் ஈராக் விடுதலைச் சட்டத்தில் 1998 அக்டோபரில் கையெழுத்திட்டவர், புஷ்ஷுக்கு முந்தைய அதிபரான கிளின்டன்தான். அதே ஆண்டு டிசம்பரில் ஈராக் மேல் நான்கு நாள் குண்டு போட்டவரும் அவர்தான். 2002 அக்டோபரில் போர் அதிகாரத் தீர்மானத்துக்கு செனட்டில் 77 பேர் ஆதரவாக ஓட்டுப் போட்டபோது அவர்களில் 29 பேர் ஜனநாயகக் கட்சியினர். ஹிலாரி கிளின்டன், கெர்ரி, பைடன் எல்லோரும் அதில் உண்டு. ஆயுதம் இருப்பதாகப் பலரும் மனதார நம்பினார்கள் என்பதற்கு இது சாட்சி. குறிப்பிட்ட ஒரு வாக்கியம் நேர்மையானதா என்பதற்கு இது சாட்சியே இல்லை. பாதி மதிப்பெண் கொடுத்துவிட்டு நகருங்கள்.

இனி எனக்குப் பிடித்த சோதனை, கட்சியை மாற்றிப் போட்டுப் பார்ப்பது. சிரியாவைத் தாக்கலாமா என்று 2013-இல் ஒபாமா காலத்தில் கேட்டபோது குடியரசுக் கட்சியினரில் 22 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். 2017-இல் டிரம்ப் தாக்கியபோது 86 சதவீதம். ஜனநாயகக் கட்சியினர் 38-இலிருந்து 37-க்கு வந்தார்கள், அவ்வளவுதான். இதைக் கேட்டு மகள் துள்ளினாள். உடனே அடுத்த தாளை நீட்டினேன். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை என்ற உளவு அமைப்பின் தொலைபேசிக் கண்காணிப்பை ஏற்கலாமா என்று கேட்டதற்கு 2006-இல், புஷ் இருந்தபோது, ஜனநாயகக் கட்சியினரில் 37 சதவீதம் பேர் ஏற்றார்கள். 2013-இல், ஒபாமா இருந்தபோது, 64. குடியரசுக் கட்சியினர் 75-இலிருந்து 52-க்கு இறங்கினார்கள். இரண்டு முறையும் கேட்ட கேள்வி அச்சு அசலாக ஒன்றல்ல, ஆனாலும் ஆளை வைத்துத்தான் அளவுகோல் நீள்கிறது என்பது தெரியும். இந்த இரண்டு தாளையும் சேர்த்தே காட்டுங்கள். ஒன்றை மட்டும் காட்டினால் நீங்களும் கட்சிக்காரர் ஆகிவிடுவீர்கள்.

கண்காணிப்பு என்றதும் சொல்ல வேண்டும். ஈராக்கை விட எனக்கு உறுத்துவது 2004 ஏப்ரல் 20 அன்று பஃபலோவில் புஷ் சொன்னதுதான். அரசு ஒட்டுக்கேட்பு பற்றிப் பேசும்போதெல்லாம் அதற்கு நீதிமன்ற உத்தரவு வேண்டும், எதுவும் மாறவில்லை என்றார். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் கேட்கும் திட்டத்துக்கு 2001 அக்டோபரிலேயே அனுமதி தந்தவர் அவர். 2005 டிசம்பர் 16 அன்று நியூயார்க் டைம்ஸ் அதை வெளியிட்டது. இதில் உளவுத்துறை தப்பாகச் சொன்னது என்ற சாக்கு செல்லாது, கையெழுத்து அவருடையது. அண்ணன் விடவில்லை. செப்டம்பர் 11-க்குப் பிறகு வந்த தேசபக்தச் சட்டத்தில் வரும் ஒட்டுக்கேட்பைப் பற்றித்தான் பேசினேன் என்று புஷ் பின்னால் விளக்கம் தந்ததைக் காட்டினார். முழு உரையைப் படித்தேன், அந்த இடத்தில் உண்மையிலேயே அந்தச் சட்டத்தைப் பற்றித்தான் பேச்சு. ஆனால் 'பேசும்போதெல்லாம்' என்று பொதுவாகச் சொன்ன பிறகு அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. ரகசியத் திட்டத்தை வெளியே சொல்ல முடியாது, ஒப்புக்கொள்கிறேன். சும்மா இருந்திருக்கலாமே? இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் நான் சிவப்பு மை எடுத்தேன்.

அந்தக் கண்காணிப்பு நாட்டுக்குத் தேவையா இல்லையா என்பது வேறு கேள்வி. அதை வேறு தாளில் எழுதுங்கள். கொள்கை சரியாக இருந்து பேச்சு பொய்யாக இருக்கலாம். ஒரு பொய்கூட இல்லாத போரும் மகா தப்பான போராக இருக்கலாம்.

கடைசியாக, தெரிந்த பிறகு என்ன செய்தார் என்று ஒரு கட்டம். அண்ணனுக்கு ரீகன் என்றால் உயிர். ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரத்தில், 1987 மார்ச் 4 அன்று அன்றைய அதிபர் ரீகன் தொலைக்காட்சியில் வந்து, பிணைக்கைதிகளுக்காக ஆயுதம் தரவில்லை என்று மக்களிடம் சொன்னேன், என் மனசு இன்னும் அப்படித்தான் சொல்கிறது, ஆதாரங்கள் வேறு மாதிரி சொல்கின்றன என்று பேசினார். அரை மன்னிப்புதான். இருந்தாலும் இந்தக் கட்டத்தில் எழுத ஏதோ இருக்கிறது.

வீட்டு விதிகள் சுருக்கமாக: ஒரு விருந்துக்கு ஒரு வாக்கியம். சாப்பிட்டு முடிக்கும்வரை ஃபோன் எடுக்கக் கூடாது. எந்த ஆதாரம் வந்தால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன் என்று இருவரும் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். எதுவும் எழுத மறுக்கிறவரோடு பேசிப் பயனில்லை, காபி போடப் போய்விடுங்கள்.

அடுத்த முறை வாக்கியம் தேர்ந்தெடுப்பது அண்ணன். இருக்கிற மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பிடித்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம் என்று ஒபாமா சொல்லிக்கொண்டே இருந்தாரே, அதை எடுத்திருக்கிறார். மகள் இப்போதே, "அம்மா, அதோட சூழலையும் பாக்கணும்" என்று ஆரம்பித்துவிட்டாள்.