விழுந்தது முதல் எழுந்து நடப்பது வரை

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து லயன் வீட்டில் பிறந்தவள் நான். எனக்குப் பதினோரு வயது இருக்கும். மழை நின்ற மறுநாள் சரிவில் பழம் பறித்துக்கொண்டிருந்த அம்மா வழுக்கி விழுந்து முன்கையை உடைத்துக்கொண்டார். அடிவாரத்தில் கட்டுப் போடுகிறவர் ஒருவரிடம் கூட்டிப்போனார்கள். அவர் எண்ணெய் தடவி, மூங்கில் பத்தை வைத்து, துணியை இறுக்கிச் சுற்றினார். இரவெல்லாம் அம்மா அழுதார். விரல்கள் நீலம் பாரித்தன. "இறுக்கம் இருந்தால்தான் எலும்பு கூடும், பொறுத்துக்கொள்" என்றார்கள் பக்கத்து வீட்டார். மூன்றாம் நாள் சேலம் பெரியாஸ்பத்திரிக்கு இறக்கியபோது முன்கைத் தசை செத்துப்போயிருந்தது. எலும்பு என்னவோ பின்னால் கூடிவிட்டது. ஆனால் மடங்கிய விரல்கள் நிமிரவில்லை. அதன்பின் அம்மா பழம் பறிக்கப் போகவே இல்லை.

இன்று சேலத்தில் 22 ஆண்டுகளாக இயன்முறை மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) இருக்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருப்பவர்கள், அம்மாபேட்டையிலும் குகைப் பகுதியிலும் தறி ஓட்டுகிறவர்கள் என்று வீடு வீடாகப் போய் வருகிறேன், மாதம் இரண்டு நாள் மலைமேலும் போகிறேன். எலும்பைச் சேர்த்து வைப்பது மருத்துவரின் வேலை. விழுந்த முதல் ஒரு மணி நேரமும், வீடு திரும்பிய பிறகு வரும் மூன்று மாதமும் வீட்டாரின் பொறுப்பு. நான் பார்த்தவரை கை கால்கள் வீணாவது பெரும்பாலும் இந்த இரண்டு காலத்தில்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் ஒரு மணி நேரம்

அடிபட்ட இடத்தை நீவாதீர்கள், இழுக்காதீர்கள், தைலம் தேய்க்காதீர்கள். கணுக்கால் மடங்கினால் சுளுக்கா முறிவா என்று சந்தேகம் வரும். அடிபட்டவர் நான்கு அடி எடுத்து வைக்க முடியாமல் தவித்தாலோ, கணுக்காலின் இருபக்கமும் புடைத்துத் தெரியும் எலும்புகளின் பின்விளிம்பை அழுத்தும்போது துடித்தாலோ எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். இரண்டும் இல்லையென்றால், துணியில் சுற்றிய ஐஸை இருபது நிமிடம் வைத்து, காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்து இரண்டு நாள் பார்க்கலாம்.

வீக்கம் ஏறும் முன் கொலுசு, மெட்டி, மோதிரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஊரே கொலுசு செய்கிற சேலத்தில், வீங்கிய காலிலிருந்து கொலுசை வெட்டி எடுக்க வேண்டி வந்த பெண்களை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

கையோ காலோ உடைந்தால், எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே அசையாமல் நிறுத்துங்கள். நாலாக மடித்த செய்தித்தாள், குடை, கெட்டி அட்டை எதுவானாலும் போதும். உடைந்த இடத்துக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகளையும் சேர்த்துத் துண்டால் கட்டுங்கள். விரல் நுனிகள் வெளியே தெரிய வேண்டும். எலும்பு வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாமல், சுத்தமான துணியால் மூடுங்கள். காப்பியோ தண்ணீரோ கொடுக்காதீர்கள். உடனே அறுவை தேவைப்பட்டால் வெறும் வயிறு அவசியம்.

மலையில் வேறொரு ஆபத்தும் உண்டு. சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகைப் பறிக்க ஏணியில் ஏறி விழுகிறவர்கள் பெரும்பாலும் முதுகெலும்பில்தான் அடிபடுகிறார்கள். பதற்றத்தில் இரண்டு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிவிடுவார்கள். உடைந்த முள்ளெலும்பு தண்டுவடத்தை நசுக்கினால் இரண்டு கால்களும் போய்விடும். நான்கு பேர் சேருங்கள். ஒருவர் தலையையும் கழுத்தையும் மட்டும் பிடிக்கட்டும். மற்ற மூவரும் உடம்பை ஒரே மரக்கட்டையைப் போல ஒருபக்கமாகப் புரட்ட, கீழே கதவுப் பலகையைச் சொருகுங்கள். தலையின் இருபுறமும் சுருட்டிய துணி வைத்துக் கட்டுங்கள். 108 வண்டி ஏற முடியாத ஒற்றையடிப் பாதையானாலும் அந்தப் பலகையோடுதான் இறக்க வேண்டும், தூளியில் சுருட்டக் கூடாது. கீழே வர 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. நோயாளியைப் பலகையோடு சேர்த்துக் கட்டாவிட்டால் ஒவ்வொரு வளைவிலும் முதுகு திரும்பும்.

சாலை விபத்தானால், 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைக்கு உங்களிடம் பணம் கேட்க மாட்டார்கள். காசு புரட்டுவதற்காக ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள்.

மாவுக்கட்டு போட்ட இரவு

என் அம்மாவுக்கு நடந்தது மூங்கில் கட்டில் மட்டும் வருவதில்லை. மாவுக்கட்டிலும் வரலாம். உள்ளே வீக்கம் ஏறும், கட்டு விரியாது, ரத்த ஓட்டம் நின்றுவிடும். ஆறு மணி நேரம் அப்படியே விட்டால் தசை பிழைப்பது அரிது. எனவே முதல் இரண்டு நாள் கட்டுப் போட்ட கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வையுங்கள். மணிக்கொரு தடவை நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். விரலை நீங்கள் மெல்ல நிமிர்த்தும்போது நோயாளி அலறினாலோ, மாத்திரை போட்டும் வலி ஏறிக்கொண்டே போனாலோ, விரல் மரத்தாலோ, நள்ளிரவானாலும் மருத்துவமனைக்கு ஓடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கட்டை வெட்டி மறுபடி போடுவது பத்து நிமிட வேலை.

அரித்தால் ஸ்கேலோ பின்னல் ஊசியோ உள்ளே விடக் கூடாது. கட்டுக்கு வெளியே இருக்கும் விரல்களையும் தோளையும் முதல் நாளிலிருந்தே அசைக்கச் சொல்லுங்கள். மணிக்கட்டு கூடினாலும் தோள் இறுகிப்போய்த் தலை வாரவோ ரவிக்கை கொக்கி மாட்டவோ முடியாமல் என்னிடம் வரும் பெண்கள் அதிகம், சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் அதிகம். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு எலும்பு கூட நாளாகும். அந்த மூன்று மாதமாவது நிறுத்துங்கள்.

பாட்டி விழுந்த வீடு

வயதானவர் குளியலறையில் விழுகிறார், எழ முடியவில்லை, ஒரு கால் குட்டையாகத் தெரிகிறது, பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. இதைப் பார்த்தவுடனே தொடை எலும்பின் மேல்முனை உடைந்திருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் இதைத்தான் இடுப்பு எலும்பு உடைந்தது என்கிறோம்.

"எண்பது வயதாகிவிட்டது, இனி அறுவை எதற்கு? படுக்கையிலேயே பார்த்துக்கொள்கிறோம்." இந்தச் சொல்லை எத்தனை வீடுகளில் கேட்டுவிட்டேன்! பாசத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இந்த முறிவோடு படுத்தே கிடக்கிற முதியவருக்கு நுரையீரலில் சளி கட்டும், முதுகில் புண் வரும், காலில் ரத்தம் உறையும். அறுவையே பெரும்பாலும் ஆபத்து குறைந்த வழி, அதையும் இரண்டு நாளுக்குள் செய்வது நல்லது. இதயமோ நுரையீரலோ தாங்காது என்று மயக்க மருத்துவர் சொன்னால் அது வேறு. முதுமையை மட்டும் காரணமாக்காதீர்கள். பணம் இல்லையென்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு அது கிடைக்கும். மருத்துவமனையிலேயே அதற்கென ஒரு மேசை இருக்கும்.

பெரும்பாலும் அறுவை முடிந்த மறுநாளே வாக்கர் பிடித்து நிற்க வைப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் "அம்மா, நீங்கள் அசையாதீர்கள்" என்று மறுபடி படுக்க வைத்துவிடுகிறார்கள். இதைச் செய்யாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன். முதல் வாரம் கட்டிலிலிருந்து கழிப்பறை வரை, இரண்டாம் வாரம் திண்ணை வரை, அப்புறம் தெருமுனை வரை என்று கூட்டுங்கள். படுத்திருக்கும் நேரத்தில் கணுக்காலை மணிக்குப் பத்துப் பதினைந்து தடவை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள். இரண்டு மணிக்கொரு தடவை புரண்டு படுக்க வையுங்கள். தண்ணீர் குடித்தால் அடிக்கடி எழ வேண்டியிருக்கிறதே என்று பாட்டிமார் தாகத்தை அடக்குவார்கள். அதைக் கவனியுங்கள்.

அவர் வருவதற்கு முன்பே வீட்டைத் தயாராக்குங்கள். தரையில் உட்காரும் கழிப்பறைமேல் போடும் கமோடு நாற்காலி மருந்துப் பொருள் கடைகளில் கிடைக்கும். பக்கத்துச் சுவரில் பிடிகம்பி ஒன்று வேண்டும். வாசல் கால்மிதி, சுருண்ட பாய், ஈரமான சிமெண்டுத் தரை, அவிழ்ந்து தொங்கும் சேலைத் தலைப்பு, இரவில் எரியாத விளக்கு. மறுபடி விழ வைப்பவை இவைதான். இடுப்பு மூட்டு மாற்றி வைத்தவர்கள், மருத்துவர் சொல்லும்வரை, முழங்காலைவிடத் தாழ்வான இடத்தில் உட்காரவோ கால்மேல் கால் போடவோ கூடாது. மனைப் பலகையும் பாயும் கொஞ்ச காலத்துக்கு அவர்களுக்கு இல்லை.

லேசாக விழுந்து எலும்பு உடைந்ததென்றால் எலும்பு ஏற்கெனவே நலிந்திருக்கிறது என்று பொருள். எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றியும் மருந்து பற்றியும் மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள், அவசரத்தில் இது விட்டுப்போகும். உணவில் கேழ்வரகு முதலிடம், 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. தயிர், எள், முருங்கைக்கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலி எல்லாம் நல்லவை. கால்சியம் மாத்திரையையும் தைராய்டு மாத்திரையையும் சேர்த்துப் போடக் கூடாது, நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். 60,000 யூனிட் வைட்டமின் டி வாரம் ஒன்றுதான். தினமும் விழுங்கிச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

முழங்கால்

தேய்மானம் என்ற சொல்லைக் கேட்டதும் நடந்தால் இன்னும் தேயும் என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். தொடைத் தசை மெலிய மெலிய மூட்டின்மேல் சுமை ஏறும். சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து, முழங்காலைக் கீழே அழுத்தி ஐந்து நொடி அப்படியே வைத்திருந்து தளர்த்துங்கள். பத்து தடவை, காலையும் மாலையும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிப் பிடிப்பதும் அப்படித்தான். ஆறு வாரம் விடாமல் செய்தால் வித்தியாசம் தெரியும். எடையில் 1 கிலோ குறைத்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமையில் 4 கிலோ குறைகிறது.

கைத்தடி, வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் இருக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டு நின்றால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பு உயரத்தில் இருக்கட்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். மலைக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதே முழங்காலுக்குக் கஷ்டம். பழக்கூடையோடு நேராக இறங்காமல் குறுக்கும் நெடுக்குமாக இறங்குங்கள்.

சந்தையில் விற்கும் பெயரில்லாத மூட்டுவலிப் பொடியைத் தொடாதீர்கள். இரண்டே நாளில் வலி பறந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டும். மாதக்கணக்கில் தின்றால் எலும்பு பொடியாகும், இடுப்பு மூட்டுப் பந்தே செத்துப்போகலாம். கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளும் வயிற்றையும் சிறுநீரகத்தையும் தாக்கும்.

முழங்காலோடு கழுத்தும் முதுகும் பலகை போல இறுகி, பற்களில் பழுப்புக் கறையும் இருந்தால் குடிநீரைச் சந்தேகியுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுந்ததால்தான். நம் மாவட்டத்திலும் அப்படிப்பட்ட பகுதிகள் உண்டு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. ஆற்று நீரோ மழை நீரோதான் குடிக்க வேண்டும்.

முதுகு

குழித்தறியில் உட்காருபவருக்கும் கொலுசுக்குப் பற்றவைக்கக் குனிபவருக்கும் முதுகு வலிப்பது வேலையால். அரை மணிக்கொரு தடவை எழுந்து, இடுப்பில் கைவைத்துப் பின்பக்கம் ஐந்து தடவை வளையுங்கள். திடீரென்று பிடித்துக்கொண்டால் இரண்டு நாளுக்கு மேல் படுக்காதீர்கள். பெரும்பாலான முதுகு வலி ஆறு வாரத்துக்குள் தணிந்துவிடும். பெல்ட் பயணத்துக்கு மட்டும் போதும்.

"ஜவ்வு விலகிவிட்டது" என்று ஸ்கேன் தாளைக் காட்டி அழுகிறவர்களுக்கு நான் சொல்வது இது: வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், இருபது வயதுக்காரர்களில் 30 சதவீதத்தினருக்கும், எண்பது வயதுக்காரர்களில் 84 சதவீதத்தினருக்கும் டிஸ்க் (ஜவ்வு) பிதுக்கம் இருந்தது. பிதுங்கியது சில மாதங்களில் தானாகவே சுருங்குவதும் உண்டு.

ஆனால் சிறுநீர் பிரியாமல் நின்றாலோ, அறியாமல் கசிந்தாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாவிட்டாலோ அன்றைக்கே அறுவை மருத்துவரிடம் போங்கள். காய்ச்சல், எடை குறைவு, இரவில் எழுப்பும் வலி இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

தனியாக ஒருவரை வரவழைக்க வசதி இல்லாதவர்கள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றிக் கேளுங்கள். 2021 ஆகஸ்ட் முதல் நடக்கும் அந்தத் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார், மலைக் கிராமங்களுக்கும் வருவார். போன மாதம் நாகலூர்ப் பக்கம் ஒரு பாட்டியை அறுவைக்குப் பின் ஐந்தாம் வாரம் வாசல்படி தாண்ட வைத்தேன். வாக்கரைத் திண்ணையில் சாய்த்துவிட்டு, களத்தில் காய்ந்துகொண்டிருந்த காப்பிப் பழத்தைத் துழாவ ஒரு கோல் கேட்டார். மருமகள் கொண்டுவந்து கொடுத்தாள்.