வீட்டுக்குப் பற்றரி வாங்க முதல்: லித்தியமா, அசிட் பற்றரியா?

எது நல்லது என்று கேட்க முதல் ஒன்றை யோசியுங்கள்: மாதத்தில் எத்தனை இரவு உங்கள் வீடு பற்றரியில் ஓடப் போகிறது? மின்சபைக் கரண்ட் இருக்கிற வீடு, கரண்ட் நின்றால் மட்டும் லைட்டும் ஃபானும் வேண்டும் என்றால் அது ஒரு கதை. லைன் வராத தோட்டக்காணி, அல்லது பகலில் சோலரில் சேர்த்து ஒவ்வொரு இரவும் செலவழிக்கிற வீடு என்றால் அது முற்றிலும் வேறு கதை. இதை முடிவெடுக்காமல் கடைக்குப் போகாதீர்கள், போனால் அங்கே கையிருப்பில் இருப்பதைத்தான் தூக்கிக்கொண்டு வருவீர்கள்.

கூரையில் பனல் போட்டு மின்சபைக்கு யூனிட் கொடுக்கிறவர்களுக்கு இடையில் ஒரு சொல். கரண்ட் நின்றதும் உங்கள் இன்வேட்டரும் (பனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற பெட்டி) நின்றுவிடும், கம்பத்தில் ஏறி வேலை செய்கிற ஆளுக்கு ஷொக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். 2022 பங்குனியில் இலங்கையில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாளில், மேலே பனல் பளபளக்க கீழே இருட்டில் இருந்த வீடுகள் இதனால்தான். பற்றரி சேர்க்க வேண்டுமானால் பெரும்பாலும் பனலையும் பற்றரியையும் சேர்த்து ஓட்டுகிற ஹைபிரிட் இன்வேட்டர் வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒன்பது வாற் எல்இடி பல்ப் ஐந்து, ஐந்து மணித்தியாலம்: 225 வாற் அவர். எழுபது வாற் சீலிங் ஃபான் இரண்டு, எட்டு மணித்தியாலம்: 1120. ரிவி மூன்று மணித்தியாலம் 180, ரவுட்டர் இரவு முழுக்க 100. எல்லாமாக 1625 வாற் அவர், இன்வேட்டர் தின்பதையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 1.8 யூனிட் (1000 வாற் அவர் ஒரு யூனிட்). பாருங்கள், மூன்றில் இரண்டு பங்கு ஃபான்தான். அதே காற்றைத் தருகிற முப்பது வாற் பிஎல்டிசி (பிறஷ் இல்லாத மோட்டர்) ஃபான் இரண்டு மாட்டினால் ஒரு இரவுக்கு 640 வாற் அவர் மிச்சம். பற்றரிக்குக் காசு கட்ட முதல் ஃபானை மாற்றுங்கள். கிணற்று மோட்டரை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம், ஸ்டார்ட் ஆகும்போது அது பல மடங்கு கரண்ட் இழுக்கும், பகலில் தண்ணி இறைத்து டாங்கியை நிரப்பிவிடுங்கள்.

ஃபானை மாற்றவில்லை என்றே வைப்போம். அசிட் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது, ஆகவே 1.8 யூனிட் எடுக்க 3.6 யூனிட் பற்றரி வேண்டும். 12 வோல்ற் 150 அம்பியர் அவர் டியூபுலர் (குழாய் வடிவத் தட்டு வைத்த அசிட் பற்றரி) இரண்டு; வோல்ற்றையும் அம்பியர் அவரையும் பெருக்கினால் வாற் அவர் வரும். லித்தியத்தில் எண்பது வீதம் எடுக்கலாம், 24 வோல்ற் 100 அம்பியர் அவர் ஒன்று போதும், அதன் வோல்ற் உண்மையில் 25.6 என்பதால் அது 2.56 யூனிட். டியூபுலர் நன்றாகப் பார்த்தால் 1200 தடவை ஏறி இறங்கும், நல்ல லித்தியம் இரும்புப் பொஸ்பேற் (LiFePO4) 4000 தடவை. பெருக்கிப் பார்த்தால் வாழ்நாளில் முதலாவது சுமார் 2160 யூனிட் தரும், இரண்டாவது 8190. அதாவது ஒவ்வொரு இரவும் பாவிக்கிற வீட்டில் லித்தியத்தின் விலை மூன்றே முக்கால் மடங்குக்குக் குறைவாக இருக்கிற வரை லித்தியம்தான் மலிவு. மாதத்தில் மூன்று இரவு மட்டும் கரண்ட் நிற்கிற வீட்டில் இந்த 4000 தடவையை நீங்கள் எப்போதுமே எட்டப் போவதில்லை. அங்கே டியூபுலரே போதும், மிச்சக் காசைப் பிள்ளைகளுக்குச் செலவழியுங்கள்.

எங்கள் பக்கத்துக்கென்று இன்னொரு விசயம் இருக்கிறது, இதைத்தான் யாரும் சொல்வதில்லை. கார்த்திகை, மார்கழியில் வானம் மூடினால் நாட்கணக்கில் வெயில் இல்லை. பற்றரி அரைகுறையாக ஏறி, இரவில் இறங்கி, திரும்பவும் அரைகுறையாக ஏறும். அசிட் பற்றரிக்கு இதைவிடக் கேடு வேறு இல்லை. நான் முதலில் வைத்திருந்தது ஒரு லொறிப் பற்றரி, மலிவு என்று வாங்கியது. ஒரு மழைக்காலம்தான் தாங்கியது. தை பிறந்து மூடியைத் திறந்து பார்த்தபோது தட்டுகளில் சாம்பல் வெள்ளையாகப் படிந்திருந்தது, அசிட்டின் அடர்த்தியை அளக்கிற ஹைட்ரோமீற்றரை விட்டால் மிதவை எழும்பவே இல்லை. நாள் முழுக்க வெயிலில் போட்டும் அது திரும்பவில்லை. லொறிப் பற்றரி எஞ்சினை ஒரு தடவை உதைத்துக் கிளப்பச் செய்தது, இரவு முழுக்க ஃபான் சுற்ற அல்ல. லித்தியம் பாதி ஏறிய நிலையில் வாரக்கணக்கில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. லைன் இல்லாத காணிக்கு நான் லித்தியம் என்று சொல்வதற்கு விலையைவிட இந்த மழைதான் காரணம்.

வெக்கையும் பார்க்க வேண்டும். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் அசிட் பற்றரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். தகரக் கொட்டிலில் சித்திரை வெயிலில் வைத்தால் லித்தியமும் கெடும். நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வையுங்கள். அசிட் பற்றரி ஏறும்போது ஹைட்ரஜன் கக்கும், ஆகவே படுக்கிற அறையிலும் சாமியறை விளக்குக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள்.

அசிட் பற்றரி எடுத்தால் மாதம் ஒருக்கா மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். தண்ணி குறைந்தால் காய்ச்சி வடித்த தண்ணி (டிஸ்டில்ட் வோட்டர்) மட்டும், அசிட் ஊற்றக் கூடாது, கிணற்றுத் தண்ணி கூடவே கூடாது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதை உண்டாக்குகிற உப்புகள்தான் பற்றரியையும் கெடுக்கும். ஹைட்ரோமீற்றரில் 1.265 என்றால் நிரம்பியிருக்கிறது, 1.190க்கு வந்தால் பாதி, நிறுத்துங்கள். பழையதோடு புதியதைச் சேர்த்துப் பூட்டாதீர்கள்.

லித்தியத்தில் ஏமாறுகிற இடம் வேறு. வாகனத்தில் பாவித்துக் கழித்த செல்லைப் புதுப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். முழுதாக ஏற்றி 500 வாற் லோட் ஒன்றைப் பூட்டி மணிக்கூட்டைப் பாருங்கள். மேலே சொன்ன 24 வோல்ற் பற்றரி நாலரை மணித்தியாலம் அளவில் ஓட வேண்டும், மூன்றில் படுத்தால் திருப்பிக் கொடுங்கள், அதற்காகவே பில்லையும் உத்தரவாத அட்டையையும் வாங்கி வையுங்கள். உள்ளே பிஎம்எஸ் (செல்களைக் காக்கிற மின்சுற்று) இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய இன்வேட்டரில் பூட்டுவதானால் செட்டிங்கில் லித்தியம் என்று மாற்றி, ஈக்குவலைஸை (அசிட் பற்றரிக்கென்று கூடிய வோல்ற்றில் ஏற்றுவது) நிறுத்த வேண்டும். அந்த வசதி இல்லாத இன்வேட்டரில் பூட்டவே வேண்டாம். எது வாங்கினாலும் பற்றரிக்குப் பக்கத்திலேயே டிசி ஃபியூஸ் ஒன்று இருக்கட்டும். 1000 வாற்றுக்கு 12 வோல்ற்றில் 83 அம்பியருக்கு மேல் ஓடும், மெல்லிய வயர் உருகிவிடும்.

காசு இல்லையென்றால் கிழமைக் கடன் எடுத்து லித்தியம் வாங்காதீர்கள், வெட்டு முடிந்து நெல் விற்கும் வரை டியூபுலர் ஒன்றோடு சமாளிக்கலாம். பிறகு லித்தியத்துக்கு மாறும்போது பழையதை முற்றத்தில் உடைத்து ஈயம் எடுக்கிறவர்களிடம் கொடுக்காமல், புதியதை வாங்குகிற கடையிலேயே கொடுத்து விலையில் கழிக்கச் சொல்லுங்கள். அந்த ஈயம் மண்ணில் இறங்கினால் பிள்ளைகள் குடிக்கிற கிணற்றுக்குத்தான் வரும்.